பாத்திரக் கடையின் ஏழாவது கேமரா

நீங்கள் என் முதுகுக்குப் பின்னால் பேசிச் சிரிப்பது எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். கேமராவை மாட்டி முடித்து, வாடிக்கையாளர் தன் போனில் பாஸ்வேர்ட் அடிக்கும்போது இந்த மனுஷன் எதற்குச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார்? சரி, திரும்பட்டும். கண்ணை ஏன் மூடுகிறார், சாமியா கும்பிடுகிறார்? இதுதானே உங்கள் கேலி? சிரியுங்கள், தப்பில்லை. உங்கள் வயதில் நானும் சிரித்திருப்பேன்.

முழங்கால் இரண்டும் போய், ஏணியில் ஏற முடியாமல், கடையை உங்கள் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒயர் இழுப்பது, லென்ஸ் திருப்புவது, ரெக்கார்டரை நெட்டில் கோப்பது எல்லாம் இன்றைக்கு என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று. அது பயம். எனக்கு அது எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். இதில் என் பெயர் கெடுகிற சங்கதிதான் அதிகம். கெட்டால் கெடட்டும், இனிமேல் யாரும் எனக்குப் பெண் கொடுக்கப் போவதில்லை.

சங்கரன்கோவிலில், தேரடிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பாத்திரக் கடை. கீழே கடை, மாடியில் வீடு. கடைக்காரரை ஜெபராஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கடையில் மூன்று கேமரா மாட்டிக் கொடுத்தேன். கல்லாவுக்கு மேலே இருந்தது ஸ்பீக்கர் வைத்த கேமரா. மனிதர் மாடியில் சாப்பிட்டுக்கொண்டே போனில், "ஏ, அந்த அண்டாவ உள்ள தள்ளி வையிலே" என்பார். கீழே கேமரா பேசும். வந்தவர் போனவரிடமெல்லாம் அதைச் செய்து காட்டுவார். எனக்கும் பெருமைதான்.

அவருடைய தங்கை ஸ்டெல்லாவைப் புளியங்குடியில் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை அங்கே எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருந்தார். மச்சான் கடையில் கேமராவைப் பார்த்துவிட்டு, தனக்கும் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். போனேன். நான்கு கேமரா மாட்டினேன். அங்கேதான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

ஏல நேரம். மூட்டை மூட்டையாகப் பழம் வந்து இறங்குகிறது, ஆளுக்கு ஆள் கத்துகிறார்கள். அவர் போனில் ஆப்பை ஏற்றிப் புது ஐடி திறக்கப் பார்த்தேன். ஓடிபி வரவில்லை. மறுபடி அனுப்பினேன், வரவில்லை. "என்ன அண்ணாச்சி, இன்னைக்குப் படம் தெரியுமா, தெரியாதா?" என்று அவர் மூன்று தடவை கேட்டுவிட்டார். சவம், இந்த ஓடிபிக்காக எவ்வளவு நேரம் நிற்பது என்று என் ஐடியையே அவர் போனில் போட்டுவிட்டேன். படம் வந்தது. "ஆகா" என்றார். சாயங்காலம் மாற்றிக்கொள்ளலாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். சாயங்காலம் வேறு வேலை வந்தது. மறந்தே போனேன்.

என் ஐடி என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். உங்கள் ஒவ்வொருத்தர் போனிலும் ஒன்று இருக்கிறதே, அதுதான். மாட்டிய இடமெல்லாம் கடைப்பெயர், வீட்டுப்பெயரோடு அதில் வரிசையாக இருக்கும். கோளாறு என்று கூப்பிட்டால் இருந்த இடத்திலிருந்தே பார்த்துவிடலாம். நமக்கு வசதி. வாடிக்கையாளருக்கு அது தெரியாது. நாமும் சொல்வதில்லை.

அடுத்த வருஷம் ஸ்டெல்லா தன் மகள் ஜெசியைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டாள். வலது கையில் மாவுக்கட்டு. என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, அந்தக் கட்டைப் பார்த்தாலே தெரிந்தது. பிள்ளையை இங்கேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். புருஷன் பக்கத்திலிருந்து ஒரே பேச்சுதான் வந்தது: "நீ வர வேண்டாம். பிள்ளைய நான் தூக்கிட்டு வருவேன். எந்நேரம்னு சொல்ல மாட்டேன்."

அதற்குப் பிறகுதான் அந்தப் போன்கள் ஆரம்பித்தன. "இன்னைக்கு என்ன, அந்த ஊதாச் சேலையா?" என்பானாம். "பிள்ளைக்கு ஒரு செருப்பு வார் அறுந்து கெடக்கே, அண்ணன் வாங்கித் தர மாட்டானா?" என்பானாம். ஒரு நாள், "மூணரைக்குக் கொடையை எடுத்துக்கிட்டுக் கிளம்புத. வெயிலா அங்கன?" என்றானாம். தெருவில் யாரோ உளவு பார்க்கிறார்கள் என்று வீடே நடுங்கிவிட்டது. கடையில் வேலை பார்த்த இரண்டு பேரை ஜெபராஜ் சந்தேகப்பட்டு நிறுத்தினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, மாடிப்படிக்கு ஒண்ணு, மாடி வாசலுக்கு ஒண்ணு, பின் சந்துக்கு ஒண்ணு போட்ருங்க. எவன் நிக்கான்னு பாத்திருவோம்."

போட்டேன். மூன்று ஆறாயிற்று. மக்கா, யோசித்துப் பாருங்கள். பயந்துபோய்க் கிடந்த வீட்டுக்கு, பயம் போகட்டும் என்று, என் ஐடி வழியாக அந்தப் புளியங்குடிக்காரனுக்கு இன்னும் மூன்று கண்ணை என் கையாலேயே முடுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவன் மாடிப்படியில் பல்பு போனதைக்கூடச் சொல்ல ஆரம்பித்தான். ஸ்டெல்லா போனை அணைத்து பீரோவுக்குள் போட்டாள். பள்ளிக்கூடம் தவிர வெளியே போவதில்லை. அந்தப் பிள்ளை படியில் இறங்கும்போது சுவரை ஒட்டி இறங்கும்.

இன்னும் ஒன்று வேண்டும் என்று ஜெபராஜ் சொல்ல, ஏழாவது கேமராவோடு நான் போனது ஒரு மத்தியானம். ஜெபராஜ் சரக்கு எடுக்கத் திருநெல்வேலி போயிருந்தார். கடையில் ஸ்டெல்லா மட்டும் இருந்தாள். கட்டு பிரித்திருந்தது, ஆனால் அந்தக் கையால் ஒரு சொம்பைக்கூட இறுகப் பிடிக்க முடியவில்லை. நான் பெட்டியைக் கல்லா மேல் வைத்தேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன், தப்பா எடுக்காதிய. அடுப்பங்கரையில நடக்கது எதுவும் அவருக்குத் தெரிய மாட்டேங்கு. ரெண்டு நாளு காய்ச்சல்ல உள்ள படுத்துக் கெடந்தேன், அதுவும் தெரியல. கேமரா இருக்க எடத்துல நடக்கது மட்டும் எப்படித் தெரியுது?"

எனக்கு அந்தப் புளியங்குடி ஏல நாள் ஞாபகம் வந்தது. ஆனாலும் சிரித்தேன். "அப்படில்லாம் பாக்க முடியாதும்மா. இது நம்ம போட்ட சிஸ்டம்லா" என்றேன். இந்தத் தொழிலில் நான் சொன்ன பொய்களிலேயே கேவலமானது அதுதான். ரெக்கார்டரைப் பார்க்கிறேன் என்று பரண் மேல் ஏறி, என் போனை எடுத்து, என் ஐடி எந்தெந்தப் போனில் ஓடுகிறது என்ற பட்டியலைத் திறந்தேன். இரண்டு போன். ஒன்று என்னுடையது. இன்னொன்றின் மாடலைப் பார்த்ததும் எலுமிச்சை வாடையே மூக்கில் ஏறிவிட்டது. கடைசியாகத் திறந்தது பத்து நிமிஷத்துக்கு முன்னால் என்று போட்டிருந்தது.

கீழே அவள் பாத்திரம் அடுக்குகிற சத்தம் கேட்கிறது. இறங்கிப் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் என்ன ஆகும்? நாளைக்கே ஊர் முழுக்கத் தெரியும். என் பட்டியலில் நகைக்கடை இருக்கிறது, தறிக்கூடம் இருக்கிறது, டாக்டர் வீடு இருக்கிறது. எவன் என்னை உள்ளே விடுவான்? யோசித்து முடிப்பதற்குள் என் பெருவிரல் முந்திக்கொண்டது. அந்தப் போனை வெளியே தள்ளினேன், பாஸ்வேர்டை மாற்றினேன். தடயம் தெரியாமல் முடிந்தது என்று மூச்சு விட்டேன்.

இறங்கி வந்து, "நெட்வொர்க்ல சின்னக் கோளாறு. சரி பண்ணிட்டேன். இனிமே ஒண்ணும் இருக்காது" என்றேன்.

"இது?" என்று ஏழாவது பெட்டியைக் காட்டினாள்.

"நாளைக்கு வந்து மாட்டுதேன்" என்று வண்டியை எடுத்தேன். அவள் என்னை நம்பினாளோ இல்லையோ, கும்பிட்டாள். அந்தக் கும்பிடு இன்றைக்கும் எனக்கு ஜீரணமாகவில்லை.

அங்கிருந்து நேரே அடுத்த வேலை. மேலநீலிதநல்லூரில் ஒரு விவசாயிக்கு ஆட்டுப்பட்டியில் கேமரா. ஆடு களவு போகிறது என்று அவருக்கு ஒரே புலம்பல். கம்பத்தில் சாத்திய ஏணியில் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்தேன்.

"என்ன அண்ணாச்சி, நம்ம ஆப்பு ஓட மாட்டேங்கு?" புளியங்குடிக் குரல். குழைந்த, மரியாதையான குரல். தன் பொருளில் கோளாறு என்று சர்வீஸுக்குச் சொல்கிற குரல்.

"உங்க கடைக்குப் புதுசா ஐடி போட்டுத் தாரேன்" என்றேன்.

"எங் கடைய நான் கடையில இருந்தே பாத்துக்கிடுவேன். உம்ம லிஸ்ட்ல ஊரே இருந்துச்சே. எனக்கு ஊரு வேண்டாம், மச்சான் கடை மட்டும் தெரிஞ்சாப் போதும்."

நான் ஏணியிலிருந்து இறங்க ஆரம்பித்தேன்.

"ஸ்டெல்லா சொல்லிட்டாளோ?" என்றான். "சரி, விடும். பள்ளிக்கூடம் விடுத நேரந்தான். நேர்ல போயே பாத்துக்கிடுதேன்" என்றான். கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் போன் நின்றுவிட்டது.

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. பார்க்க முடிகிறவரை அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். பார்த்துப் பார்த்துப் பயமுறுத்துவதே அவனுக்குப் போதுமாக இருந்தது. நான் கண்ணைப் பிடுங்கிவிட்டேன், ஆனால் பிடுங்கினேன் என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. மூன்று மணி தாண்டியிருந்தது. மூன்றே முக்காலுக்குப் பள்ளி விடும். புளியங்குடியிலிருந்து கார் அரை மணியில் வந்துவிடும்.

ஜெபராஜுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. ஸ்டெல்லாவின் போன் பீரோவுக்குள். பள்ளிக்கூட நம்பர் என்னிடம் இல்லை. வேறு வழி தெரியாமல் ஆப்பைத் திறந்து கல்லா கேமராவைப் போட்டேன். சிக்னல் சரியில்லாத ஊர், படம் விட்டு விட்டு வந்தது. அவள் குடையைக் கையில் எடுத்துவிட்டாள். செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மைக்கை அமுக்கிக் கத்தினேன். "ஸ்டெல்லா! ஏம்மா ஸ்டெல்லா!"

குடை கீழே விழுந்தது. அவள் அலமாரியோடு அலமாரியாக ஒட்டிக்கொண்டாள். தட்டுகள் சரிந்தன. மெதுவாக முகத்தைத் தூக்கிக் கேமராவைப் பார்த்தாள். ஐயோ, அந்த முகம். இவ்வளவு நாள் பார்த்துக்கொண்டிருந்தவன் இன்றைக்குப் பேசவும் ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்திருக்கிறாள். பக்கத்தில் தொங்கிய பெரிய சோற்றுக் கரண்டியை உருவி, ஸ்டூலில் ஏறி ஓங்கினாள்.

"நான் கேமரா போட்ட அண்ணாச்சிம்மா! ஒடைச்சிரு, வேண்டாம்னு சொல்லல. நான் சொல்லுதத மட்டும் கேட்டுட்டு ஒடை!"

கரண்டி அப்படியே நின்றது. அந்த ஒரு நிமிஷத்தில்கூட என் புத்தி ஒரு பொய்யைத் தேடியது. 'ஆபத்து, பள்ளிக்கூடத்துக்குப் போ' என்று மட்டும் சொல்லிவிடலாமா? சொன்னால் அவள் கேட்க மாட்டாள். கேட்கவும் கூடாது. அந்தக் கேமராவிலிருந்து வருகிற எதையும் நம்பாமல் இருப்பதற்கு அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. முழு உண்மையைச் சொன்னால்தான் நம்புவாள்.

"ஒன் வீட்டுக்காரரு போன்ல என் ஐடிய நாந்தாம்மா போட்டுக் குடுத்தேன். இம்புட்டு நாளும் இது வழியாத்தான் பாத்திருக்காரு. நீ கேட்டது சரி. மத்தியானம் ஒங்கிட்டப் பொய் சொன்னேன். இப்ப அத அறுத்துட்டேன், அதான் காரை எடுத்துட்டு வாராரு. பிள்ளைகிட்ட ஓடு. வெளிய விட வேண்டாம்னு டீச்சர்கிட்டச் சொல்லு. ஓடு தாயி!"

கரண்டி இறங்கியது. படம் கறுத்துப் போயிற்று.

முழுசாகக் கேட்டாளா, பாதியில் உடைத்தாளா, எனக்குத் தெரியாது. ஆடுகளுக்கு நடுவே நின்று போனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்த என்னை அந்த விவசாயி வாய் பிளந்து பார்த்தார். "யாருகிட்ட வே இப்படிச் சத்தம் போடுதீரு?" என்றார். பதில் சொல்லாமல் வண்டியை உதைத்தேன். அந்த ரோட்டில் எதிரே வந்தது என்ன, பக்கத்தில் போனது என்ன, ஒன்றும் நினைவில்லை. கர்த்தரே, முருகா, சங்கரலிங்கசாமி என்று எனக்குத் தெரிந்த எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன்.

பள்ளிக்கூட வாசலில் பெற்றோர் கூட்டம். வெள்ளைக் கார் ஏற்கெனவே நின்றது. அவன் கதவில் சாய்ந்துகொண்டு நிலக்கடலை தின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"வாங்க அண்ணாச்சி. சர்வீஸுக்கா?"

"வேண்டாம்யா. போயிருங்க" என்றேன்.

"எம்பிள்ளைய நான் கூப்பிட வந்திருக்கேன். அப்பன் வரப்படாதுன்னு எதும் சட்டம் இருக்கா? நீரு ஊரான் வீட்டையெல்லாம் பாக்கலாம், நான் எம்பிள்ளையப் பாக்கக் கூடாதோ?"

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடி வந்தன. ஜெசியின் பை மஞ்சள். எத்தனை மஞ்சள் பை, அப்பா! ஒவ்வொன்றுக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. அவனும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான். கூட்டம் குறைந்தது. மஞ்சள் பைகளும் தீர்ந்தன. அவன் கடலைப் பொட்டலத்தைக் கசக்கினான்.

தலைமையாசிரியை உள்ளேயிருந்து கேட் வரை நடந்து வந்தார். கேட்டைத் திறக்கவில்லை. "குழந்தை அவங்க அம்மாகிட்ட இருக்கு. ஸ்டேஷனுக்குச் சொல்லியாச்சு, வந்துக்கிட்டு இருக்காங்க. இருந்து பேசிட்டுப் போறியளா?" என்றார்.

அவன் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கேமரா போட்டவன் நான்தான் என்று சொல்ல, தலைமையாசிரியை என்னை உள்ளே விட்டார்.

ஆபீஸ் அறையில் ஸ்டெல்லா நாற்காலியில் இருந்தாள். காலில் செருப்பு இல்லை. கரண்டியை இன்னும் கையில் வைத்திருந்தாள். ஜெசி மடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாய் திறப்பதற்குள் அவள் கேட்டாள்.

"அப்ப நீங்களும் எங்களப் பாத்துக்கிட்டேதான் இருந்தியளா அண்ணாச்சி?"

"இல்லம்மா. சத்தியமா பாக்கல."

"பாக்கணும்னு நெனச்சிருந்தா?"

அவனைப் பார்த்துப் பயந்தவள் இப்போது அதே கண்ணோடு என்னைப் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். அந்த ஒரு சாண் தூரத்தைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்டேஷனில் எல்லாவற்றையும் என் கையால் எழுதிக் கொடுத்தேன். அவன் போன் என் பட்டியலில் இருந்ததற்கான தடயத்தை நானே அழித்திருந்தேன். ஆனால் படம் வரவில்லை என்று அவனே என்னைக் கூப்பிட்டது போனில் பதிவாகியிருந்ததால் தப்பித்தேன். பிள்ளை பக்கம் வரக் கூடாது என்று அவனிடம் எழுதி வாங்கினார்கள், பிறகு வழக்கும் அவளுக்குச் சாதகமாகவே போயிற்று. அந்த வாரம் முழுக்க என் பட்டியலில் இருந்த ஒவ்வொருத்தர் வாசலிலும் போய் நின்று நடந்ததைச் சொல்லி, அவரவர் பெயரில் மாற்றிக் கொடுத்தேன். சிலர் திட்டினார்கள். சிலர் அத்தோடு என்னை விட்டுவிட்டார்கள். டாக்டர் வீட்டம்மா கதவைச் சாத்தினார்.

பாத்திரக் கடைக்குக் கடைசியாகப் போனேன். ஆறையும் கழற்றச் சொன்னாள் ஸ்டெல்லா. கழற்றினேன். உடைந்த கல்லா கேமராவையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

"அண்ணாச்சி, நில்லுங்க. பெட்டி பிரிக்காம ஒண்ணு கெடக்குல்லா, அத மட்டும் மாடி வாசல்ல போடுங்க. அது ஒங்க ஐடில இன்னும் ஏறலதான?"

"ஏறலம்மா."

"அப்ப அது போதும்."

மாட்டினேன். கீழே வந்து, அவள் போனில் அவள் பெயரிலேயே ஐடி திறந்தோம். ஓடிபி வர வெகு நேரம் ஆயிற்று. வாயை மூடிக்கொண்டு நின்றேன். பாஸ்வேர்ட் அடிக்கிற இடம் வந்தது. அவள் அடிக்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அங்கன திரும்பி நில்லுங்க."

திரும்பினேன். எதிரே அலமாரி நிறைய எவர்சில்வர் குடங்கள், துடைத்துப் பளபளவென்று அடுக்கியிருந்தாள். அத்தனை குடத்திலும் என் முகம் தெரிந்தது. என் தோளுக்குப் பின்னால் அவள் தெரிந்தாள். சரியாக மடங்காத அந்த வலது கை விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தொடுவதுகூடத் தெரிந்தது.

கண்ணை மூடிக்கொண்டேன்.